ரெக்கார்டு நோட்டில் இருப்பது யாருடைய நோயாளி?



இந்த இதழுக்காக நர்சிங் மாணவிகளின் கேஸ் ஸ்டடி நோட்டுகள் சிலவற்றைப் படித்தோம். நோயாளியின் பெயரையும் மாணவியின் பெயரையும் மறைத்து ஆசிரியைகள் அனுப்பியவை. பிரவுன் அட்டை, பென்சிலில் மார்ஜின், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, முத்து முத்தான கையெழுத்து. எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

அவற்றில் ஒரு நோட்டு, காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வார்டில் சேர்ந்த ஓர் அம்மாவைப் பற்றியது. விவசாயக் கூலி. கணவர் இல்லை. மகள் வீட்டில் இருக்கிறார். புண் எத்தனை சென்டிமீட்டர், எந்த விரலுக்குக் கீழே, வாடை உண்டா என்பதெல்லாம் முதல் பக்கத்தில் கவனமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் உணவு ஆலோசனை வருகிறது: காலையில் ஓட்ஸ், மதியம் பிராக்கோலி, வாரம் இருமுறை சால்மன் மீன். ரேஷன் அரிசிச் சோற்றையும் முந்தின நாள் குழம்பையும் நம்பி இருக்கிற அந்த அம்மா இதைக் கேட்டால் என்ன செய்வார்? 'வெறுங்காலுடன் நடக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. சேற்று வயலில் இறங்கி நாற்று நடுபவர் காலை எப்படிக் காப்பது என்று ஒரு வரியும் இல்லை. முதல் பக்கத்தில் இருந்த அம்மா மூன்றாம் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. அங்கே படுத்திருப்பது எந்த நாட்டிலோ அச்சான பாடப்புத்தகத்து நோயாளி.

எழுத்துத் திருட்டு என்றதும் நம் மனதில் வருவது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொள்வது. கதையிலும் கட்டுரையிலும் அதனால் நஷ்டப்படுபவர் எழுதியவர். நர்சிங் படிப்பில் அந்த நஷ்டம் கட்டிலில் படுத்திருப்பவர் தலையில் விழுகிறது. செவிலியர் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு சாட்சி வாக்குமூலம்: இந்த நேரத்தில், இந்த உடம்பில், இதை என் கண்ணால் பார்த்தேன் என்பது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதப் பழகும் கை, அந்தப் பழக்கத்தைக் கல்லூரியோடு விட்டுவிட்டு வருவதில்லை.

வார்டில் டிபிஆர் சார்ட்டைப் பாருங்கள். உடல்வெப்பத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, நாடித்துடிப்பை விரல் நுனிக் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கூட்டமான வார்டில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. அதனால் 18 அல்லது 20 என்று எழுதிவிடுவது உலகம் முழுக்கவே மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட பழக்கம். முந்தைய ஷிஃப்டில் 20, அதற்கு முந்தையதிலும் 20, ஆகவே இப்போதும் 20. ஆனால் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை முதலில் சொல்லும் குறிகளில் மூச்சும் ஒன்று. தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் நோயாளிகளில் ஆபத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்க 2016-ல் வெளியான 'க்யூசோஃபா' அளவுகோலில், மூச்சு நிமிடத்துக்கு 22-ஐத் தொடுவது ஓர் எச்சரிக்கைக் குறி. உண்மையில் 26 இருக்கும் நோயாளிக்கு, சார்ட்டில் முன்பு எழுதியிருக்கும் 20-ஐப் பார்த்து இன்னொரு 20 எழுதினால், டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் கண்ணெதிரே கடந்துபோகிறது. ரெக்கார்டு நோட்டில் காப்பி அடிப்பதையும் இதையும் நான் ஒரே பழக்கமாகத்தான் பார்க்கிறேன்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் வெளியிட்ட செவிலியப் பணி பற்றிய சிறு நூலில், நோயாளியை உற்றுக் கவனிப்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார். அவர் பெயரில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே அந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தப் பிள்ளைகளைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வருபவர்கள். பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவர்களும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை 'புத்தகத்தில் உள்ளபடி எழுது' என்பதுதான் பாடம். சொந்த நடையில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயந்து வளர்ந்தவர்களை, கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே உடற்கூறியலையும் உடலியங்கியலையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறோம். அவர்களில் ஒரு பெண் தானாக ஒரு வாக்கியம் எழுதினால் இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையில் சுழி. புத்தகத்து வாக்கியத்தை அப்படியே எழுதினால் ஒரு டிக்கும் 'குட்'டும். எது புத்திசாலித்தனம் என்று அவள் தெரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்?

அமெரிக்க எழுத்துக்கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹவர்ட் 1990-களிலேயே இதைப் பேசியிருக்கிறார். மூலத்தின் வாக்கியத்தை எடுத்து, அங்கங்கே சில சொற்களை மாற்றி, சிலவற்றை நீக்கி எழுதுவதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் மோசடி என்று தண்டிக்கிறார்கள். புதிய துறையின் மொழிக்குள் நுழையும் ஒருவர் கற்றுக்கொள்ளும் வழியில் கடந்துபோகும் கட்டம் அது என்பது ஹவர்டின் வாதம். நம் வகுப்பறைகளுக்கு இது முற்றிலும் பொருந்தும். அந்தக் கட்டத்திலேயே அவர்களை நிறுத்திவைத்துவிட்டு, கடைசி ஆண்டில் ஆய்வறிக்கை எழுதும்போது திடீரென்று விசாரிப்பதுதான் அநியாயம்.

வேலைப்பளுவையும் சொல்லியாக வேண்டும். காலையில் வார்டு போஸ்டிங், மதியம் வகுப்பு, இரவு ஹாஸ்டலில் ரெக்கார்டு. இத்தனை கேஸ் ஸ்டடி, இத்தனை கேர் பிளான் முடித்துக் கையெழுத்து வாங்கினால்தான் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியும். சீனியர் அக்காவின் நோட்டு கைக்கு வருவது அங்கேதான். கூடவே அதில் இருக்கும் நோயாளியின் ஐபி எண்ணும் நோய் விவரமும் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றுகின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை. பத்து கேர் பிளானைப் பார்த்து எழுதியவளைவிட மூன்றைத் தானே யோசித்து எழுதியவள் நல்ல செவிலியர் ஆவாள் என்பது என் உறுதியான எண்ணம். எண்ணிக்கையைக் குறைக்கும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்று ஆசிரியைகள் சொல்லக்கூடும். அந்தப் பத்தில் மூன்றையாவது மாணவியோடு உட்கார்ந்து படிக்கலாம் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்கென விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. இந்தச் சதவீதங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதே விதிமுறைகள், நேர்மையாக எழுதுவது பற்றி ஒவ்வொரு செமஸ்டரிலும் விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. அதைக் கண்டுகொள்பவர்கள் குறைவு. இன்னொன்று: அவை முதுநிலைப் பட்டத்துக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் எழுதும் ஆய்வேடுகளுக்கும் வெளியிடும் கட்டுரைகளுக்கும் உரியவை. வகுப்புக் கட்டுரைகளும் செய்முறைப் பணிகளும் அவற்றில் அடங்கா. பி.எஸ்சி. நர்சிங் மாணவியின் கேர் பிளானை எந்த ஆணையமும் வந்து சோதிக்கப் போவதில்லை. அதைப் படிக்கும் ஒரே ஆள் அவளுடைய மேடம்தான்.

சதவீதத்தைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சொற்களை இயந்திரத்தனமாக மாற்றித் தரும் மென்பொருள்கள் வந்த பிறகு, ஆய்வுக் கட்டுரைகளில் விசித்திரமான தொடர்கள் தலைகாட்டின. கீயோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2021-ல் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள். மருத்துவ உலகம் 'பிரெஸ்ட் கேன்சர்' என்று அழைப்பதை ஒரு மென்பொருள் 'பூசம் பெரில்' என்று மாற்றியிருந்தது. மார்பகப் புற்றுநோய், நெஞ்சுப் பகுதி அபாயம் ஆகிவிட்டது. சோதனைக் கருவி அதைக் கண்டுபிடிக்காது. ஒற்றுமைச் சதவீதம் அழகாகக் குறைந்திருக்கும். மருந்தின் பெயரிலோ அளவின் அலகிலோ இப்படி ஒரு மாற்றம் நடந்தால் என்ன ஆகும் என்று செவிலியருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, தன் சொல்லில் எழுத எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

நர்சிங் மாணவிகளிடம் இதற்கான திறமை ஏற்கெனவே இருக்கிறது. சமுதாய நலப் போஸ்டிங்கில் அவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாணவி ஃபிளிப் சார்ட்டைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், "அக்கா, இந்தத் தொட்டித் தண்ணியை வாரம் ஒரு தடவை கவுத்து, தேச்சுக் கழுவிக் காய வைங்க, கொசு பெருகாது" என்று சொல்கிறாள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்த விஷயத்தைப் புரிந்துகொண்டு, எதிரே இருப்பவருக்கு ஏற்றபடி தன் வார்த்தையில் சொல்லிவிட்டாள். ரெக்கார்டு எழுதும்போது அவளிடம் நாம் கேட்பதும் இதைத்தான். ஆங்கிலம் என்றதும் அவளுக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவே.

ஆகவே வகுப்பில் இப்படிச் செய்து பார்க்கலாம். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவளை நோயாளியின் அட்டெண்டராக நினைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொல்லட்டும். சொன்னதை ஆங்கிலத்தில் எழுதட்டும், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, சொன்னது சரியா, எண் ஏதாவது மாறிவிட்டதா என்று சரிபார்க்கட்டும். கடைசியாக எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதட்டும். இலக்கணத்தை அதற்கப்புறம் திருத்துங்கள். அன்றைக்கு மட்டுமாவது பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

ஓர் உதாரணம் தருகிறேன். புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் பெட் சோர் வராமல் தடுக்கலாம்.' மாணவி எழுதுகிறாள்: 'எழ முடியாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடுவதால் பெட் சோரைத் தவிர்க்க இயலும்.' சொல் மாறியிருக்கிறது, வாக்கியம் அதேதான், யாருடையது என்ற குறிப்பும் இல்லை. வேறொருத்தி எழுதுகிறாள்: 'இந்தத் தாத்தாவுக்கு வலது இடுப்பெலும்பு முறிந்திருப்பதால் அந்தப் பக்கம் புரட்டவில்லை. மல்லாந்தும் இடப்பக்கமாகவும் மாற்றி மாற்றிப் படுக்க வைத்தோம். 2 மணி நேர இடைவெளி என்பது பாடநூலில் உள்ளது (3). இரவு 2 மணிக்குப் பார்த்தபோது இடது குதிகாலில் தோல் சிவந்திருந்தது. குதிகாலுக்குக் கீழே அழுத்தம் படாதபடி காலைத் தூக்கி வைத்தோம்.' இரண்டாவதில் புத்தகமும் இருக்கிறது, தாத்தாவும் இருக்கிறார், எது யாருடையது என்பதும் தெளிவாக இருக்கிறது. அந்த (3) என்ற எண், கட்டுரைக் கடைசியில் உள்ள பட்டியலில் மூன்றாவது நூலைக் காட்டும். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்த முறை இது. அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முதலாண்டு மாணவிக்கு இந்த எண் போடும் முறையை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். நம் பாடத்திட்டத்தில் ஆய்வுப் பாடம் படிப்பின் பிற்பகுதியில் வருகிறது, ரெக்கார்டோ முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் பழக்கம் கெட்டுப்போகிறது.

நம் ரெக்கார்டு நோட்டுகளின் அமைப்பே இதற்குத் தோதானது. ஒரு பக்கம் கோடில்லாத வெள்ளைத்தாள், மறுபக்கம் கோடு போட்டது. படம் வரையாத நாளில் வெள்ளைத்தாளில் புத்தகம் சொல்வதையும் அதன் பக்க எண்ணையும், கோடு போட்ட பக்கத்தில் தான் பார்த்ததையும் செய்ததையும் எழுதச் சொல்லலாம். எதற்கெல்லாம் மூலம் சொல்ல வேண்டும் என்ற குழப்பமும் அவர்களுக்கு உண்டு. சாதாரண உடல்வெப்பம் 98.6 டிகிரி என்பதற்கு யாரையும் சுட்ட வேண்டாம். ஒருவர் உழைத்து உருவாக்கிய அளவுகோல் என்றால் கண்டிப்பாகச் சுட்ட வேண்டும். பெட் சோர் அபாயத்தை அளக்க நாம் பயன்படுத்தும் பிரேடன் அளவுகோல், பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் உருவாக்கி 1987-ல் வெளியிட்டது. அதை ஆய்வேட்டில் எடுத்தாண்டுவிட்டு 'ஆய்வாளர் தயாரித்த கருவி' என்று எழுதுவதும் எழுத்துத் திருட்டுதான், ஒரு வாக்கியம்கூட ஒத்துப்போகாவிட்டாலும்.

உருவாக்கியவர் பெயரைச் சொல்லும் இந்த மரியாதையைப் பிரசவ வார்டில் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் நிறம், துடிப்பு, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, அசைவு, மூச்சு பார்த்து மதிப்பெண் போடும்போது 'அப்கார்' என்கிறோம். 1953-ல் அந்த முறையை வெளியிட்ட வர்ஜீனியா அப்கார் என்ற டாக்டரின் பெயர் அது. சுவடி தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில், ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களை மறக்காமல் எழுதிவைத்ததும் இதே மரியாதைதான். மாணவிகளுக்கு மேற்கோளைத் தண்டனைக்குப் பயந்து போடும் எண்ணாகக் காட்டாமல், நன்றி சொல்லும் வழக்கமாகக் காட்டினால் அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்கிறீர்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அது தந்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மருத்துவக் கட்டுரைகள் விஷயத்திலும் அது அப்படியே செய்யும்: தலைப்பு இருக்கும், ஆசிரியர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், கட்டுரை இருக்காது. ஆகவே ஒரே ஒரு விதியை வகுப்பில் உறுதியாக வையுங்கள்: பட்டியலில் போடும் ஒவ்வொரு கட்டுரையையும் மாணவி தானே திறந்து பார்த்திருக்க வேண்டும். பப்மெட் தளத்தில் தேடக் காசு இல்லை, செல்போன் போதும். பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, "இதில் என்ன படிச்ச, சொல்லும்மா" என்று மேடம் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எம்.எஸ்சி. ஆய்வேடுகளைப் பற்றித் தனி இதழே போடலாம். திட்டமிட்ட போதனையால் தாய்மார்களின் அறிவு கூடியதா என்ற ஒரே தலைப்பு ஊரை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. தலைப்பு ஒன்றாக இருப்பது குற்றமில்லை. முன்னுரையும் கேள்வித்தாளும், சில சமயம் முடிவுரையும் ஒன்றாக இருப்பதுதான் கவலை. ஒரே முடிவு இரண்டு இடத்தில் அச்சானால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1997-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்வேன். வாந்தியை நிறுத்த நாம் தினமும் போடும் ஒண்டான்செட்ரான் பற்றியது. ஒரே பரிசோதனையின் முடிவுகள் ஒன்றை ஒன்று சுட்டாமல் வெவ்வேறு கட்டுரைகளாக வெளிவந்திருந்தன. அவற்றைத் தனித்தனி ஆய்வுகள் என்று எண்ணிக் கூட்டினால், மருந்தின் பலன் 23 சதவீதம் மிகையாகத் தெரிந்தது. ஊசி போடுகிற செவிலியரும் போட்டுக்கொள்கிற நோயாளியும் நம்புவது இந்தக் கணக்குகளைத்தான்.

ஆசிரியைகளிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். நீங்கள் வகுப்பில் காட்டும் ஸ்லைடில் உள்ள படம் எங்கிருந்து எடுத்தது என்று அடியில் சின்ன எழுத்தில் போடுங்கள். மாணவிகள் நாலு பேர் சேர்ந்து செய்த ஆய்வைக் கட்டுரையாக வெளியிடும்போது அந்த நாலு பேர் பெயரும் வரட்டும். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த இதழில் இதற்காக இரண்டு பக்கங்களை ஒதுக்கிவைத்திருக்கிறோம். மாணவிகளே, மாணவர்களே, நீங்கள் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றி, பெயரும் ஊரும் தெரியாதபடி, ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். புத்தகத்திலிருந்து எடுத்ததை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். மீதி எல்லாம் நீங்கள் பார்த்ததாக இருக்கட்டும். மொழிப் பிழைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆசிரியைகள், உங்கள் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வார்டில் இருக்கும் சிஸ்டர்களே, உங்களிடம் போஸ்டிங் வரும் பிள்ளைக்கு ஒருநாள் ஒரு நிமிடம் ஒதுக்கி, மூச்சு எண்ணுவதைப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்